சுவரைப் பார்த்து ஏன் அழுகிறார்கள்?

கேள்வி: ஜெருசலேமில் ஒரு கல்சுவரில் நெற்றியைச் சாய்த்து அழுகிறவர்களை என் 9 வயது மகள் செய்தியில் பார்த்தாள். "சுவரைப் போய் ஏம்மா கும்பிடுறாங்க? அந்த இடத்துக்கு எதுக்குச் சண்டை?" என்கிறாள். ஒரு பக்கம் சாயாமல் எப்படிச் சொல்வது?

பதில்: முதலில், அவர்கள் சுவரைக் கும்பிடவில்லை என்று சொல்லுங்கள். அந்தச் சுவருக்கு மேலே உள்ள குன்றில் யூதர்களின் ஆலயம் இருந்தது. கி.மு. 586இல் பாபிலோனியர் அதை இடித்தார்கள். திரும்பக் கட்டியதை கி.பி. 70இல் ரோமப் படை அழித்தது. ஆலய வளாகத்தை அகலப்படுத்த ஏரோது மன்னன் எழுப்பிய தாங்குசுவரின் மேற்குப் பகுதிதான் அவள் பார்த்தது.

தேதிகள் மறந்தாலும் பரவாயில்லை. பழக்கங்களைச் சொல்லுங்கள், குழந்தைகள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். யூதர்கள் உலகில் எங்கிருந்தாலும் ஜெருசலேமை நோக்கியே ஜெபிக்கிறார்கள். கல்யாணத்தில் மாப்பிள்ளை ஒரு கண்ணாடிக் கிளாஸை மிதித்து உடைப்பார்; அத்தனை சந்தோஷத்திலும் இடிந்த ஆலயத்தை மறக்கக் கூடாதாம். சுவரின் இடுக்குகளில் வேண்டுதல் எழுதிய சீட்டுகளைச் செருகுகிறார்கள். யூதர் அல்லாதவர்களும் செருகுகிறார்கள். ஆண்டுக்கு இருமுறை அவற்றை எடுத்து, யாரும் படிக்காமல், ஒலிவ மலையில் புதைத்துவிடுவார்கள். யாரும் படிப்பதில்லை என்பதை அவசியம் சொல்லுங்கள், அவளுக்கும் ஒரு சீட்டு எழுதத் தோன்றும்.

பிற மக்களுக்கும் அங்கே இடம் உண்டு என்பது பின்னாளில் வந்த பெருந்தன்மை அல்ல. முதல் ஆலயத்தைக் கட்டிய சாலொமோன் மன்னர், அதைப் பிரதிஷ்டை செய்தபோது செய்த ஜெபம் பைபிளில் இருக்கிறது: தூர தேசத்திலிருந்து வரும் அந்நியன் இங்கே வேண்டினால் அவனுக்கும் செவிகொடு என்று கேட்கிறார். எனக்கு மிகவும் பிடித்த பகுதி அது, வாசித்தே காட்டலாம்.

அதே குன்றில்தான் முஸ்லிம்களின் அல்-அக்ஸா மசூதியும், பொன் குவிமாடம் கொண்ட புனிதக் கட்டடமும் உள்ளன. முஸ்லிம்கள் முதலில் தொழுகையில் நோக்கிய திசை அதுதான். நபிகள் இரவுப் பயணமாக வந்து விண்ணேறியதும் அங்கிருந்துதான் என்பது அவர்கள் நம்பிக்கை. சற்று நடந்தால், இயேசுவை அடக்கம் செய்த இடமாகக் கிறிஸ்தவர்கள் போற்றும் தேவாலயம். பல நூற்றாண்டுகளாக அதன் சாவி ஒரு முஸ்லிம் குடும்பத்திடம் இருக்கிறது.

இவை ஒவ்வொன்றையும் அந்தந்த மக்கள் சொல்கிறபடியே சொல்லுங்கள். "எல்லாம் ஒன்றுதான்" என்று முடித்துவிட வேண்டாம். அவர்களுக்கு அவை ஒன்றல்ல.

சண்டை பற்றி இந்த வயதுக்கு இவ்வளவு போதும்: அந்த ஒரே குன்றை யூதர்கள், முஸ்லிம்கள் என்று இரண்டு மக்கள் உயிராக நினைக்கிறார்கள், அதோடு நிலம் யாருக்கு, ஆட்சி யாருக்கு, யார் எப்போது உள்ளே போகலாம் என்ற தகராறுகளும் சேர்ந்துகொள்கின்றன. புனிதம் கெட்டுவிடும் என்று அஞ்சி, பக்தியுள்ள யூதர்கள் பலரே அந்தக் குன்றில் கால் வைப்பதில்லை என்பதையும் சொல்லலாம். "அப்ப அது யாருக்குச் சொந்தம்?" என்று கேட்பாள். பெரியவர்களே இன்னும் அதில் ஒத்துப்போகவில்லை என்று உள்ளதைச் சொல்லுங்கள்.