கண்வலிக்கிழங்கு தோண்ட எந்தக் கொத்து நல்லது?

கேள்வி: ஐயா, வணக்கம். மூலனூர் பக்கம் எங்களுக்கு ஒரு ஏக்கரில் விதைக்காக வளர்க்கும் கண்வலிக்கிழங்கு (செங்காந்தள்) தோட்டம் இருக்கிறது. நட்டு 5 வருஷம் ஆகிறது. பக்கத்தில் இருக்கும் அரை ஏக்கரிலும் நடலாம் என்று போன வருஷம் கொஞ்சம் கிழங்கு தோண்டினோம். மண்வெட்டியும் கடப்பாரையும் போட்டு எடுத்ததில் பாதிக்கு மேல் ஒடிந்துவிட்டது. முழுசாக வந்ததிலும் நிறைய முளைக்கவில்லை. அமெரிக்காவில் ஜின்செங் என்ற மருந்து வேரைத் தோண்டுகிறவர்கள் ஒரு குறுகலான கொத்து வைத்திருப்பதை வீடியோவில் பார்த்தேன். ஆன்லைனில் அதற்கு விலை அதிகம். வாங்கலாமா, நம் ஊர்க் கருவியே போதுமா?

பதில்: வணக்கம். ஆன்லைனில் வாங்க வேண்டாம். அதே மாதிரி ஒன்றை உங்கள் ஊர்ப் பட்டறையிலேயே அடித்து வாங்கிவிடலாம். ஆனால் கருவி மாறினால் மட்டும் பிரச்சினை தீராது. கிழங்கின் எந்த இடம் ஒடிந்தால் நஷ்டம் என்பது தோண்டுகிற ஆட்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

கண்வலிக்கிழங்கு கலப்பை மாதிரி இரண்டாகப் பிரிந்திருக்கும். பழைய தண்டு ஒட்டியிருக்கும் மூலையிலிருந்து இரண்டு கை கிளம்பும். முளை அந்த மூலையில் இல்லை, ஒவ்வொரு கையின் நுனியிலும் இருக்கிறது. கையும் சரி, நுனியும் சரி, லேசான அடிக்கே உடைந்துபோகும். நுனி போய்விட்டால் கிழங்கு எவ்வளவு தடிமனாக இருந்தாலும் நடுவதற்கு ஆகாது. போன வருஷம் முழுசாக வந்தும் முளைக்காதவற்றில் பல, நுனி மட்டும் நசுங்கியவையாக இருந்திருக்கலாம். பார்வைக்கு நல்ல கிழங்காகத்தான் தெரியும்.

இதற்கு நேர்மாறாக, இரண்டு கைகளும் சேரும் மூலையில் பிளந்துவிட்டால் கவலை இல்லை. ஒவ்வொரு கைக்கும் தனி முளை உண்டு. எடை 50, 60 கிராம் இருந்தால் தனித்தனியாகவே நடலாம். ஆகவே ஒடிந்ததை எல்லாம் ஒரே குவியலாகப் போடாமல், எங்கே ஒடிந்தது என்று பார்த்துப் பிரிக்கச் சொல்லுங்கள்.

ஜின்செங் சங்கதி வேறு. அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைக்காடுகளில் வளரும் அந்தச் செடிக்கு அடுத்த வருஷத்து மொட்டு மேலே, தண்டுக்கு அடியில் இருக்கும் கழுத்தில் இருக்கிறது. வேர் அங்கிருந்து கீழே இறங்கும். அந்தக் கழுத்தில் வருஷத்துக்கு ஒரு தழும்பு விழும், அதை எண்ணித்தான் வயதைக் கணக்குப் போடுவார்கள். பல மாநிலங்களில் 5 வயதாவது ஆன செடியைத்தான் தோண்டலாம், அதுவும் பெரும்பாலும் செப்டம்பர் தொடங்கி, அந்தந்த மாநிலம் குறித்த நாள் வரைதான். கழுத்தோ கிளைவேரோ ஒடிந்தால் வியாபாரி விலையைக் குறைப்பார். அதனால் தண்டிலிருந்து தள்ளி, சுற்றிலும் மண்ணைக் கொத்தி, அடியிலிருந்து வேரைத் தூக்குவார்கள். கல்லும் மரவேரும் நிறைந்த சரிவில் அதற்கு ஏற்றது குறுகிய அலகுள்ள கொத்துதான்.

தள்ளி நின்று கொத்தும் அந்த முறை நமக்கும் ஒத்துவரும். ஒரே வித்தியாசம், அவர்களுக்குத் தண்டு நிற்கும் இடம்தான் குறி. நமக்கு அப்படி இல்லை. கொடி காய்ந்து நிற்கும் இடத்தில் மூலைதான் இருக்கும், முளையுள்ள நுனிகள் எந்தப் பக்கம் ஓடியிருக்கின்றன என்று மேலிருந்து தெரியாது. 5 வருஷத் தோட்டத்தில் கிழங்குகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும். ஆகவே மேலிருந்து குத்தி இறங்கும் எந்தக் கருவியும் நமக்கு ஆகாது.

மண்வெட்டியை வரிசைக்கு வெளியே வாய்க்கால் மாதிரி ஒரு பள்ளம் எடுக்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடப்பாரை ஓடைக்கல் கலந்த இறுகிய மண்ணில் தேவைப்படும்தான். ஆனால் கொடியிலிருந்து ஒரு முழமாவது தள்ளிக் குத்த வேண்டும், நெம்பவே கூடாது. நெம்பும்போது மண் கட்டியாகப் பெயர்ந்து, உள்ளே இருக்கும் கை இரண்டாக முறியும். போன வருஷம் உங்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

நான்கு பல் உள்ள தோட்டக் கவை கேள்விப்பட்டிருப்பீர்கள். கல் இல்லாத பொலபொலப்பான செம்மண்ணில் அது அருமையான கருவி. பல் கூராக இல்லாமல் தட்டையாக இருந்தால் இன்னும் நல்லது. உங்கள் பக்கத்தில் கொடி ஏறக் கிளுவை நட்டிருப்பார்கள். கிளுவை வேர் பின்னிக் கிடக்கும் இடத்தில் கவை மாட்டிக்கொள்ளும், ஆள் பலம் போட்டு இழுப்பார், கிழங்கு போய்விடும். காய்ந்த விராலி மிலாரோ கம்பியோ கட்டிய தோட்டம் என்றால் தாராளமாகக் கவை வாங்குங்கள்.

கிளுவைத் தோட்டத்துக்கு நான் சொல்வது குறுகிய கைக்கொத்து. பட்டறையில் லாரியின் பழைய ஸ்பிரிங் பட்டையைக் கொடுத்து, அலகு ஒரு சாண் நீளம், மூன்று விரல் அகலம் இருக்கும்படி அடிக்கச் சொல்லுங்கள். அலகு லேசாக உள்நோக்கி வளைந்திருக்கட்டும், அப்போதுதான் மண்ணைத் தன் பக்கம் இழுக்கும். விளிம்பைச் சாணை பிடிக்க வேண்டாம். மழுங்கிய விளிம்பு மண்ணைத் தள்ளும், கிழங்கில் பட்டாலும் கீறலோடு போகும். தேய்ந்துபோன பழைய களைக்கொத்து வீட்டில் இருந்தால் அதுவே போதும், காசு செலவு பண்ண வேண்டாம். காம்பு இரண்டடிக்கு மேல் வேண்டாம். நீளக் காம்பு பிடித்தால் நின்றுகொண்டு ஓங்கிப் போடத் தோன்றும். இது உட்கார்ந்து செய்கிற வேலை.

கடைசி நான்கு விரல் ஆழத்துக்கு இரும்பே வேண்டாம். ஒரு முனையைச் சீவித் தட்டையாக்கிய மூங்கில் சிம்பு ஒன்று ஒவ்வொரு ஆளுக்கும் கொடுங்கள். கிழங்கு கண்ணில் பட்டதும் கொத்தை வைத்துவிட்டு, சிம்பால் நுனிவரை மண்ணைக் கிளறி, இரண்டு கையாலும் அடியில் ஏந்தி எடுக்க வேண்டும். பழைய தண்டைப் பிடித்து இழுக்கிற பழக்கம் பலருக்கு இருக்கிறது, அதை முதலில் நிறுத்துங்கள்.

அடுத்தது ஈரம். எனக்குக் கேட்டால் கருவியைவிட இதுதான் முக்கியம் என்பேன். காய்ந்த செம்மண்ணில் எந்தக் கொத்து போட்டாலும் ஒடியும். தோண்டுவதற்கு மூன்று, நான்கு நாள் முன்னால் ஒரு தண்ணீர் விடுங்கள். கைப்பிடி மண்ணைப் பிடித்தால் உருண்டை நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அந்தப் பதம் வந்தபின் இறங்குங்கள். சேறாக இருந்தால் கிழங்கில் மண் அப்பிக்கொள்ளும், கழுவி எடுக்க வேண்டியிருக்கும், அப்புறம் அழுகல்.

கூலியை எண்ணிக்கைக்கோ எடைக்கோ பேசாதீர்கள். நாள் கூலிதான் இந்த வேலைக்குச் சரி. ஒருவர் பள்ளத்தின் பக்கமிருந்து மண்ணை இளக்கிக்கொண்டே போக, இன்னொருவர் பின்னால் சிம்போடு கிழங்கை எடுத்து வந்தால் வேலையும் ஓடும், சேதமும் குறையும்.

காலமும் ஒரு காரணம். நீங்கள் எந்த மாதம் தோண்டினீர்கள் என்று எழுதவில்லை. காய் பறித்து, கொடி முழுக்கக் காய்ந்து, கிழங்கு உறக்கத்தில் இருக்கும் மாசி, பங்குனியில் எடுப்பது நல்லது. வைகாசிக்கு மேல் நுனி பருத்து முளை வெளியே வர ஆரம்பிக்கும். அந்த இளமுளை கை பட்டாலே உதிர்ந்துவிடும். ஆடி நடவுக்கு ஆனியில் தோண்டினால் போதும் என்று நினைப்பவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

எடுத்த கிழங்கை வெயிலில் போடாமல் நிழலில், காய்ந்த மணலில் ஒரே அடுக்காகப் பரப்பி வையுங்கள். சாக்கில் கட்டித் தூக்கிப் போட்டால் தோண்டும்போது பட்ட பாடெல்லாம் வீண். நடுவதற்கு முன் லிட்டருக்கு 1 கிராம் கார்பென்டாசிம் என்ற பூசணக்கொல்லி கலந்த தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து நடுங்கள்.

அரை ஏக்கருக்காகத் தோட்டம் முழுவதையும் கலைக்க வேண்டியதில்லை. கொடி நெருக்கமாக நின்று காய் சிறுத்துப்போன இடங்களை மட்டும் தோண்டுங்கள். போதாவிட்டால் காப்புக் காட்டிலிருந்து தோண்டி வந்த கிழங்கு என்று யாராவது மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள். காட்டில் தோண்டுவது வனச்சட்டப்படி குற்றம்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தச் செடியில் எல்லாப் பாகமும் விஷம், கிழங்கிலும் விதையிலும் கொல்கிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. ஒடிந்த கிழங்கின் சாறு கையில் படும், அதனால் ரப்பர் கையுறை இல்லாமல் ஆட்களை இறக்காதீர்கள். வெற்றிலை போடுகிறவர்கள், பீடி பிடிக்கிறவர்கள் கையைச் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே அவற்றைத் தொட வேண்டும். வேறு கிழங்கு என்று நினைத்து வேகவைத்துச் சாப்பிட்டு உயிர் போன சம்பவங்கள் உண்டு. ஆகவே நுனி ஒடிந்த கழிவை வரப்பில் விட்டு வைக்காதீர்கள். ஆடு, மாடு வாய் வைக்காத இடத்தில் ஆழமாகக் குழி தோண்டி மூடிவிடுங்கள். கொத்தையும் சிம்பையும் கழுவித் தனியாக வையுங்கள், வீட்டுத் தோட்டத்தில் சேப்பங்கிழங்கு தோண்ட அதையே எடுக்க வேண்டாம்.