ஏரி மீனும் வயிற்றுக் குழந்தையும்

ஏரி மீனை உண்டதால் வயிற்றுக் குழந்தைக்கு உலோக நஞ்சு ஏறியிருக்குமோ, கைவிரல் மரத்துப்போவதும் முடி உதிர்வதும் சோர்வும் அதனால்தானோ என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கைப்பேசிக்கு வந்த, ஏரி மீனின் உலோக அளவுகளைச் சொல்லும் அட்டவணையை வைத்து, ஐந்து மாதக் கருவுக்கு ஈயம் ஏறிவிட்டதாக முடிவுகட்ட இடமே இல்லை. "கிலோவுக்கு 2 மில்லிகிராம்" என்று அதில் இருப்பது கெண்டையின் செவுளில், அதுவும் உலர் எடையில் அளந்த அளவு. ஆய்வுக்கூடத்தில் செவுள், ஈரல், சதை ஆகியவற்றைத் தனித்தனியே பிரித்து, ஈரம் போக உலர்த்தி, நைட்ரிக் அமிலத்தில் கரைத்து அளப்பார்கள். மீனில் முக்கால் பங்குக்குக் குறையாமல் தண்ணீர் இருப்பதால், உலர் எடைக் கணக்கு நான்கைந்து மடங்கு பெரிதாகத் தெரியும். கோடெக்ஸ் என்னும் பன்னாட்டு உணவுத் தரம் ஈயத்துக்கு வைத்துள்ள கிலோவுக்கு 0.3 மில்லிகிராம் வரம்போ பச்சை மீனுக்கு உரியது. ஈயம் சதையைவிடச் செவுளிலும் ஈரலிலும் எலும்பிலும்தான் அதிகம் தங்கும். குழம்பில் தலையைப் போடும்போது செவுளை முழுதாக எடுத்துவிடுங்கள். ஈரலையும் குடலையும் எறிந்துவிடுங்கள்.

அட்டவணையில் இல்லாத பாதரசத்தைப் பற்றித்தான் உங்களிடம் அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைத் தனி முறையில் அளக்க வேண்டும் என்பதால் பல அட்டவணைகளில் அது இடம்பெறுவதே இல்லை. மீனில் சேரும் பாதரச வடிவமான மீத்தைல் பாதரசம் சதையின் புரதத்தோடு பிணைந்திருப்பதால், எத்தனை முறை கழுவினாலும் கொதிக்கவைத்தாலும் போகாது. சிறு மீன்களைத் தின்று வளரும் விராலிலும் வாளையிலும் வயது ஏற ஏறச் சேரும். நஞ்சுக்கொடியைக் கடந்து குழந்தையின் மூளையை எட்டும். ஆலைக் கழிவால் கடல் மீனில் பாதரசம் ஏறிய ஜப்பானின் மினமாட்டாவில், லேசான அறிகுறிகளே இருந்த தாய்மார்கள் கடும் மூளைப் பாதிப்புள்ள குழந்தைகளைப் பெற்றார்கள். 1965-இல் அதே பாதரச நோய் ஜப்பானின் அகானோ ஆற்று மீனை உண்டவர்களிடமும் கண்டறியப்பட்டது. ஆகவே பிரசவம் வரை பெரிய விராலும் வாளையும் வேண்டாம். கெண்டை, ரோகு, ஜிலேபி ஆகியவற்றை வாரம் இருமுறை உண்பதை நிறுத்தத் தேவையில்லை. ஆனால் அந்த ஏரியில் சாயப்பட்டறை, தோல் பதனிடும் ஆலை போன்றவற்றின் கழிவு கலக்கிறது என்றால், எந்த மீனானாலும் அங்கே வாங்காதீர்கள். அறிகுறிக்காகக் காத்திராமல் இரத்தத்தில் ஈயம், பாதரசம் இரண்டையும் பரிசோதியுங்கள்.

இரவில் கைவிரல்கள் மட்டும் மரத்துப்போவது பெரும்பாலும் கர்ப்பிணிகள் பலருக்கும் வரும் மணிக்கட்டு நரம்பு அழுத்தம். உதட்டைச் சுற்றியும் மரத்து, நடையும் தள்ளாடினால் அது பாதரச நஞ்சின் அறிகுறியாக இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

முடி உதிர்வுக்கும் சோர்வுக்கும் மீன்மீது பழிபோடாமல் ஹீமோகுளோபினைப் பாருங்கள். இணையத்தில் வாங்கிய "உலோக நீக்கி" சூரணத்தை இன்றே நிறுத்துங்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத பொடியைக் கர்ப்பத்தில் விழுங்குவது, நீங்கள் அஞ்சும் மீனைவிட ஆபத்தானது; உலோகப் பற்பம் (உலோகத்தைப் புடமிட்டுச் செய்யும் பொடி) கலந்த மருந்துகளாலேயே ஈய நஞ்சு ஏறியவர்கள் உண்டு. அந்த டப்பாவை அடுத்த பரிசோதனையின்போது உங்கள் மகப்பேறு மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள்.