வளைவில் திணறுமா அமெரிக்கக் கார்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அமெரிக்கக் கார்கள் நேர்ச்சாலைக்குத்தான் லாயக்கு, வளைவில் ஜெர்மன் கார்களின் அருகில் வர முடியாது என்கிறார் மிச்சிகனில் வசிக்கும் என் மைத்துனர். ஆனால் என்னிடம் உள்ள பழைய ஃபோர்டு ஃபிகோ கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவுகளில்கூடத் தரையைப் பிடித்துக்கொண்டு போகிறது. யார் சொல்வது சரி? – வாசகர், நாமக்கல்

பதில்: உங்கள் அனுபவம் உண்மைதான்; ஆனால் ஃபிகோவை அமெரிக்கக் காருக்குச் சாட்சியாக நிறுத்த முடியாது. மறைமலைநகரில் தயாரான முதல் தலைமுறை ஃபிகோவின் அடித்தளம், ஃபோர்டின் ஐரோப்பியப் பிரிவு உருவாக்கிய ஃபியஸ்டாவிலிருந்து வந்தது. விலை குறைந்த காருக்கும் துல்லியமான ஸ்டீயரிங் வேண்டும் என்பதில், 1990களில் அங்கிருந்த வேல்ஸ் பொறியாளர் ரிச்சர்ட் பாரி-ஜோன்ஸ் பிடிவாதமாக இருந்தார். அதன் விளைவாக, 1998-இல் வந்த சாதாரணக் குடும்பக் காரான ஃபோகஸுக்கே பின்சக்கரங்களில் தனித்தனி சஸ்பென்ஷன், அதாவது சக்கரத்தின் அதிர்வைத் தாங்கும் அமைப்பு, கிடைத்தது. அதே நிறுவனம் அமெரிக்காவில் பெருமையுடன் விற்ற மஸ்டாங்கிலோ, சில சிறப்பு வகைகள் நீங்கலாக, 1964 முதல் 2014 வரை பின்சக்கரங்கள் இரண்டும் ஒரே இறுகிய அச்சில்தான் பிணைக்கப்பட்டிருந்தன. ஒரு சக்கரம் மேட்டில் ஏறினால் மற்றதும் சாயும். மேடுபள்ளமான வளைவில் காரின் பின்பகுதி துள்ளும்.

இதற்குத் திறமைக் குறைவைக் காரணம் காட்டுவது தவறு. எண்ணெய் நெருக்கடியை ஒட்டி 1974-இல் அமெரிக்கா முழுவதும் வேக வரம்பு மணிக்கு 55 மைலாக, அதாவது சுமார் 88 கிலோமீட்டராக, குறைக்கப்பட்டது. அந்தக் கூட்டாட்சிச் சட்டம் 1995-இல்தான் முழுமையாக நீங்கியது. அகன்ற நேர்ச்சாலையில் அந்த வேகத்தில் நாள் முழுவதும் பயணிப்பவர் மென்மையான ஸ்பிரிங்கையும் ஒரு விரலால் திருப்பக்கூடிய ஸ்டீயரிங்கையும்தான் விரும்புவார்; வேக வரம்பில்லாத நெடுஞ்சாலைப் பகுதிகள் உள்ள ஜெர்மனியின் வாடிக்கையாளர் கேட்டது வேறு. மேலும் அந்த இறுகிய அச்சு மலிவானது, உறுதியானது, கால் மைல் நேர்ப்பந்தயத்துக்கு மிகவும் ஏற்றது.

வேண்டும் என்று முடிவெடுத்தபோது அமெரிக்க நிறுவனங்கள் செய்தும் காட்டின. இரும்புத் துகள் கலந்த எண்ணெயைக் காந்தப்புலத்தால் கணப்பொழுதில் இறுக்கியும் தளர்த்தியும் இயங்கும் ஷாக் அப்சார்பர் முதலில் வந்தது ஜெனரல் மோட்டார்ஸின் சொகுசுப் பிராண்டான காடிலாக்கின் 2002-ஆம் ஆண்டு செவில் காரில்தான். பின்னர் ஃபெராரியும் அந்தத் தொழில்நுட்பத்தை ஏற்றது. 2008-இல் காடிலாக் சிடிஎஸ்-வி ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயப் பாதையை 7 நிமிடம் 59.32 விநாடிகளில் சுற்றியது; நான்கு கதவு செடான் ஒன்றுக்கு அது அன்று வியப்பான நேரம். 2015 மாடலிலிருந்து மஸ்டாங்குக்கும் தனித்தனிப் பின் சஸ்பென்ஷன் வந்துவிட்டது. ஆகவே உங்கள் மைத்துனரின் தீர்ப்பு பழைய கார்களுக்குப் பொருந்தும். இன்றைய கார்வெட் ஸ்போர்ட்ஸ் காருக்கோ காடிலாக்கின் வேகச் செடான்களுக்கோ பொருந்தாது.

கேள்வி: வெளித்தோற்றத்துக்கு அவ்வளவு செலவு செய்யும் அமெரிக்கக் கார் நிறுவனங்கள் உள்ளே மட்டும் வாளி பிளாஸ்டிக்கைப் பொருத்தியது ஏன்? – வாசகி, திருச்சி

பதில்: இந்தக் குற்றச்சாட்டுக்கு என்னிடம் மறுப்பு இல்லை. ஷோரூமில் கண்ணை இழுப்பது வெளித்தகடு. கதவின் கீழ்ப்பகுதியைத் தொட்டுப் பார்ப்பவர்கள் குறைவு என்று கணக்கர்கள் கருதினார்கள். ஓய்வு பெற்ற தொழிலாளர்களின் மருத்துவச் செலவையும் ஓய்வூதியத்தையும் ஒவ்வொரு காரின் விலைக்குள்ளும் அடக்க வேண்டியிருந்த, அமெரிக்கக் கார்த் தொழிலின் தலைநகரான டெட்ராய்ட்டின் நிறுவனங்கள், ஜப்பானியருடன் விலையில் போட்டியிடுவதற்காகக் கைவைத்த இடங்களுள் டாஷ்போர்டும் ஒன்று. 2007 மாடலாக வந்த கிரைஸ்லர் செப்ரிங்கின் உட்புறம் இதன் உச்சம்: கடினமான, பளபளக்கும், தட்டினால் வெற்றொலி எழுப்பும் பிளாஸ்டிக். டாஷ்போர்டை விரலால் அழுத்திப் பார்த்துத் தீர்ப்பு எழுதும் விமர்சகர்களின் பழக்கம் எனக்குப் பிடிக்காது என்றாலும், அந்தக் காரைப் பொறுத்தவரை அவர்கள் எழுதியது நியாயமே.

2009-இல் கிரைஸ்லரும் ஜெனரல் மோட்டார்ஸும் திவால் நீதிமன்றம் சென்று திரும்பிய பின்னரே நிலைமை தெளிவாக மாறியது. 2011 மாடல் ஜீப் கிராண்ட் செரோக்கியிலும், செப்ரிங்கையே திருத்திப் பெயர் மாற்றிய கிரைஸ்லர் 200-இலும் மென்மையான பரப்புகளும் ஒழுங்கான இணைப்புகளும் வந்தன. 2019 மாடல் ராம் 1500 பிக்கப்பின் உயர்வகைகளில் உட்புறம் சொகுசுக் காருக்கு இணையானது. கவனியுங்கள், அது பிக்கப். லாபம் அங்கே இருப்பதால் நல்ல தோலும் அங்கேதான் போகிறது. வட அமெரிக்காவில் மஸ்டாங் தவிர்த்து ஏறக்குறைய எல்லாக் கார்களையும் கைவிடுவதாக ஃபோர்டு 2018-இல் அறிவித்ததற்கும் இதே கணக்குத்தான் காரணம்.

கேள்வி: பழைய அமெரிக்கக் கார்களின் பின்பக்கத்தில் மீன் துடுப்புபோல் எழுந்து நிற்கும் வால் துடுப்புகள் வெறும் ஆடம்பரம்தானே? – வாசகர், மதுரை

பதில்: ஆம், ஆனால் அழகான ஆடம்பரம். ஜெனரல் மோட்டார்ஸின் வடிவமைப்புத் தலைவர் ஹார்லி ஏர்ல், லாக்ஹீட் பி-38 போர்விமானத்தைப் பார்த்த ஈர்ப்பில் பிறந்த துடுப்பு 1948 காடிலாக்கில் அடக்கமாகத் தொடங்கி, 1959-இல் வரம்பு மீறி நின்றது. தோற்றமும் ஓட்டுதலும் நேரடியாக மோதியதைக் காண விரும்பினால் 1963 கார்வெட் ஸ்டிங் ரேயைப் பாருங்கள். பின்கண்ணாடியை இரண்டாகப் பிளக்கும் முதுகெலும்பு போன்ற கோடு வேண்டும் என்றார் ஏர்லுக்குப் பின் வந்த பில் மிட்செல். ஓட்டுநருக்குப் பின்புறம் தெரியாது என்று எதிர்த்தார் பொறியாளர் ஸோரா ஆர்கஸ்-டன்டோவ். மிட்செல் வென்றார், ஒரே ஓர் ஆண்டுக்கு. 1964 மாடலில் கண்ணாடி ஒன்றாகிவிட்டது. டன்டோவ் சொன்னதே சரி என்பது என் கருத்து. சேகரிப்பாளர்கள் அதிக விலை கொடுத்துத் தேடுவதோ அந்தப் பிளவுபட்ட கண்ணாடியைத்தான்.

கேள்வி: டெஸ்லாவை இந்த வரிசையில் சேர்க்கலாமா? – வாசகர், ஓசூர்

பதில்: சேர்க்கலாம். எடைமிக்க பேட்டரி தரைமட்டத்தில் இருப்பதால் வளைவில் மாடல் 3 நிதானமாகவே திரும்புகிறது. உட்புறத்தில்தான் எனக்குக் குறை: 2023-இல் புதுப்பிக்கப்பட்டபோது இண்டிகேட்டர் தண்டையே நீக்கிவிட்டு ஸ்டீயரிங்கில் பொத்தான்களை வைத்தார்கள். ரவுண்டானாவில் ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டிருக்கும்போது அந்தப் பொத்தானைத் தேடுவது எளிதன்று.