வீட்டில் அம்மை: சிறுநீரகம் மாற்றியவர் மாத்திரையை நிறுத்தலாமா?

மேலூரிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் கணவருக்குச் சிறுநீரகம் மாற்றி ஐந்து மாதம் ஆகிறது. நேற்று மகனுக்குச் சின்னம்மை போட்டுவிட்டது. தலைக்குத் தண்ணீர் ஊற்றும்வரை வீட்டில் யாரும் மருந்து மாத்திரை தொடக் கூடாது என்கிறார் என் மாமியார். கணவரும் நிறுத்த வேண்டுமா? சித்திரைத் திருவிழாவுக்குப் போகவும் ஆசைப்படுகிறார்."

வாசலில் வேப்பிலை இருந்துவிட்டுப் போகட்டும். மாத்திரையை ஒருவேளைகூட விடக் கூடாது. அவர் சாப்பிடும் டாக்ரோலிமஸ் போன்றவை, எதிர்ப்புசக்தியைக் குறைத்து, உடம்பு புதுச் சிறுநீரகத்தை எதிர்த்துத் தாக்காமல் தடுப்பவை. விட்டால் சிறுநீரகத்துக்கே ஆபத்து. "இது அம்மைக்குக் கொடுக்கும் மருந்தில்லை அத்தை" என்று சொல்லிப் பாருங்கள்.

கொப்புளம் வருகிறதா என்று காத்திருக்காமல், இன்றே மாற்று அறுவை செய்த மருத்துவமனைக்குப் போன் செய்யுங்கள். மகனைத் தனி அறையில் வைப்பது சரிதான், கொப்புளமெல்லாம் பொருக்குத் தட்டும்வரை. ஆனால் கொப்புளம் தெரிவதற்கு இரண்டு நாள் முன்பே அம்மை பரவத் தொடங்கிவிடும். கணவருக்கு முன்பு அம்மை வந்ததுண்டா என்று டாக்டர் கேட்பார். நம் பக்கம் பெரியவர்களான பிறகு முதல்முறை அம்மை காண்பவர்கள் நிறைய. வராதவர் என்றால் எதிர்ப்புப் புரத ஊசி உண்டு. சீக்கிரம் போட்டால் நல்லது, 10 நாள் தாண்டினால் பயனில்லை. ஊசி கிடைக்காவிட்டால் அசைக்ளோவிர் வகை மாத்திரை தருவார்கள். அம்மைத் தடுப்பூசி மட்டும் இப்போது கூடாது, அதில் இருப்பது உயிருள்ள வைரஸ்.

தொற்றியிருந்தால் 10 முதல் 21 நாளுக்குள் தெரியும், அந்த ஊசி போட்டிருந்தால் 28 நாள்கூட ஆகலாம். 100.4 டிகிரி காய்ச்சல், மூச்சிரைப்பு, கடும் வயிற்றுவலி, ஒரே ஒரு கொப்புளம் என எது வந்தாலும் நடுராத்திரி ஆனாலும் கிளம்புங்கள். ஸ்டீராய்டு சாப்பிடுபவருக்குக் காய்ச்சல் அடங்கியே இருக்கலாம். போகும் முன் மருத்துவமனைக்குப் போனில் சொல்லிவிட்டுப் போங்கள், அங்கே இவரைப் போலவே எதிர்ப்புசக்தி குறைந்தவர்கள் உட்கார்ந்திருப்பார்கள். மெடிக்கலில் கேட்டு டைக்ளோபினாக் என்ற வலி மாத்திரை வாங்கிப் போட வேண்டாம், அது சிறுநீரகத்தைக் கெடுக்கும். எரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் வேண்டாம், ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவை ஏற்றிவிடும்.

திருவிழாவா? இந்த வருஷம் அழகர் ஆற்றில் இறங்குவதை டிவியில் பார்க்கட்டும். அந்த நெரிசலில் இவருக்கும் ஆபத்து, இவரால் அடுத்தவருக்கும் ஆபத்து.

அப்புறம், அம்மை கண்ட வீடு என்று ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். மாற்றிய சிறுநீரகத்தைத் தாக்கும் பிகே வைரஸ் பெரும்பாலும் காய்ச்சலே காட்டாது, பரிசோதனையில்தான் பிடிபடும். இந்த நேரத்தில் எப்போது, எந்த வழியாக வந்து ரத்தம் கொடுப்பது என்பதையும் அதே போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.