அட்டையை வெட்டினால் தேதி யாருக்கு?

இந்த வாரக் கடிதங்களில் பாதிக்குமேல் பிரஷர் மாத்திரை பற்றியவை. ஆகவே மிக்சி, குக்கர் புகார்கள் அடுத்த வாரம்.

கேள்வி: கணவருக்கு இதயச் செயலிழப்பு. அதற்கு எனலாப்ரில் என்ற பிரஷர் மாத்திரை 5 மி.கி. சாப்பிடுகிறார். மார்த்தாண்டத்தில் ஒரு கடையில் அட்டையை வெட்டி நான்கு மாத்திரை தந்தார்கள். அதில் பெயர் பாதிதான் இருக்கிறது, காலாவதித் தேதி இல்லவே இல்லை. பில் கேட்டதற்கு, "நான்கு மாத்திரைக்குப் பில்லா?" என்று சிரித்தார்கள். (வாசகி, கருங்கல்)

பதில்: இன்றே போய், பெயரும் தேதியும் தெரிகிற துண்டாக மாற்றித் தரச் சொல்லுங்கள் அம்மா. மாத்திரை ஒரு வேளையும் விட்டுப்போக வேண்டாம். கையில் இருக்கிற காசுக்கு நான்கு வாங்கியதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. சிரித்தவர்தான் தவறு செய்தவர்.

பல அட்டைகளில் தேதியும் பேட்ச் எண்ணும் ஒரு ஓரத்தில்தான் அடித்திருக்கும். எதிர் ஓரத்திலிருந்து வெட்டத் தொடங்கினால் கடைசித் துண்டு வரை தேதி கடையில் பத்திரமாக இருக்கும், நமக்குத்தான் கிடைக்காது. அப்படியானால் அந்த இரண்டையும் பில்லில் எழுதித் தர வேண்டும். அதற்கு அரை நிமிடம் ஆகுமா?

என் அம்மா இப்படிப்பட்ட துண்டுகளை ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்திருந்தார். ஒரு நாள் கிணற்றடியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார். டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தேன். பழைய மருத்துவர் கொடுத்த ராமிப்ரில், புதியவர் கொடுத்த எனலாப்ரில் இரண்டையும் ஒரு வாரமாகச் சேர்த்து விழுங்கியிருக்கிறார். 'ப்ரில்' என்று முடிகிறவை எல்லாம் ஒரே குடும்பம். ஒன்று இருக்கும்போது மற்றது வேண்டாம். கம்பெனி வைத்த பெயரை மட்டும் தெரிந்து வைத்திருந்த எங்களுக்கு அது புரியவில்லை. துண்டுகளை வாங்கி வந்தவன் நான்தான்.

மறுபடியும் பில் மறுத்தால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லுங்கள். நஷ்டம் என்றால் நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது.

கேள்வி: எனலாப்ரிலும் ஸ்பைரனோலாக்டோனும் சாப்பிடுகிறேன். உப்பைக் குறைக்கச் சொன்னதால் 'சோடியம் குறைந்த உப்பு' வாங்கினேன். விலைதான் அதிகம். வேறு கம்பெனி மலிவாகக் கிடைக்குமா? (தக்கலை)

பதில்: மலிவாக வேண்டாம், இலவசமாகவும் வேண்டாம். பொட்டலத்தின் பின்புறம் பொடி எழுத்தில் பாருங்கள், பொட்டாசியம் குளோரைடு என்று இருக்கும். உங்கள் இரண்டு மாத்திரைகளுமே உடலில் பொட்டாசியத்தைத் தேக்குபவை. அது அளவு மீறினால் இதயத்துடிப்பே தடுமாறும். முன்பக்கத்து இதயப் படத்தை நம்பி நானும் அம்மாவுக்கு இரண்டு பொட்டலம் வாங்கியவன்தான். பிரித்த பொட்டலத்தைக் கடையில் திருப்பி எடுக்கவில்லை. இத்தனை நாள் அந்த உப்பைச் சாப்பிட்டதை மருத்துவரிடம் சொல்லி, பொட்டாசியத்துக்கும் சிறுநீரகத்துக்கும் இரத்தப் பரிசோதனை செய்யலாமா என்று கேளுங்கள். தினமும் இளநீர் குடிக்கிற வழக்கம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். உப்பைக் குறைக்க வழி, கருவாட்டையும் ஊறுகாயையும் தள்ளி வைப்பது. கடற்கரை மாவட்டத்தில் இதைச் சொல்ல எனக்கே மனம் வரவில்லை.

கேள்வி: ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுக்குப் போகிறவன். முட்டுவலிக்கு டைக்ளோபெனாக் வாங்கிப் போடுகிறேன், கடையில் டாக்டர் சீட்டு கேட்பதில்லை. பிரஷருக்கு எனலாப்ரிலும் உண்டு. இரண்டு மணிநேர இடைவெளி போதுமா? (குலசேகரம்)

பதில்: இரண்டு நாள் விட்டாலும் போதாது. அந்த வலி மாத்திரை பிரஷரை ஏற்றும், உடலில் நீரைத் தேக்கும், எனலாப்ரிலோடு சேர்ந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். சீட்டு கேட்காத கடை உங்களுக்கு நல்லது செய்யவில்லை. நீங்களும் மருத்துவரைக் கேட்காமல் வாங்கியிருக்கிறீர்கள்.

கேள்வி: எனலாப்ரில் தொடங்கியதிலிருந்து வறட்டு இருமல். மூன்று சிரப் வாங்கிவிட்டேன். எது நல்லது? (திங்கள்சந்தை)

பதில்: மூன்றும் வீண். 'ப்ரில்' மாத்திரைகளுக்கு இந்த இருமல் தெரிந்த பக்கவிளைவு. நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் வேறு வகைக்கு மாற்றுவார். உதடோ நாக்கோ முகமோ வீங்கினால் மட்டும் காத்திருக்காதீர்கள். அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே 108-ஐ அழையுங்கள்.

கேள்வி: மணிக்கட்டில் கட்டும் பிரஷர் கருவி தள்ளுபடியில் வருகிறது. வாங்கலாமா? (கொல்லங்கோடு)

பதில்: என்னிடம் ஒன்று இருக்கிறது. கடிதங்கள் பறக்காமலிருக்க மேலே வைக்கிறேன். முழங்கைக்கு மேலே கட்டுவதாக, உங்கள் கைச் சுற்றளவுக்குப் பொருந்தும் பட்டையுள்ளதை வாங்குங்கள். பட்டை சிறியதானால் இல்லாத பிரஷரைக் காட்டும்.