பகல் 1 முதல் இரவு 9 வரை: விரதம் இருந்தும் எடை ஏன் இறங்கவில்லை?

கேள்வி: வயது 46, உயரம் 168 செ.மீ., எடை 82 கிலோ. உட்கார்ந்தே பார்க்கும் வேலை. மூன்று மாதமாகப் பகல் 1 மணி முதல் இரவு 9 மணி வரை மட்டும் சாப்பிடுகிறேன். காலையில் ஒரு காபி, அவ்வளவுதான். மெடிட்டரேனியன் உணவு (மத்தியதரைக் கடலோர நாடுகளின் சாப்பாடு) நல்லது என்று படித்துவிட்டு, சாலட்டில் தாராளமாக ஆலிவ் எண்ணெய், பாஸ்தா, சீஸ், கைப்பிடி பாதாம் என்று மாறினேன். எடை ஒரு கிலோகூடக் குறையவில்லை. காலை பதினொரு மணிவாக்கில் கை நடுங்கி வியர்க்கிறது. இரவில் நெஞ்செரிச்சல், மலச்சிக்கல் வேறு. சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் கிளிமிப்பிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலை 8 மணிக்குப் போடுகிறேன். எங்கே தவறு? ஆலிவ் எண்ணெயில் எதை வாங்குவது?

பதில்: எடையைப் பிறகு பார்க்கலாம். முதலில் அந்த எட்டு மணி மாத்திரை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சாப்பிடாமல் இருப்பதால் சர்க்கரை தாழ்வது அபூர்வம். கிளிமிப்பிரைடு அப்படியல்ல. வயிற்றில் சாப்பாடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்க வைக்கும். எட்டு மணிக்கு மாத்திரை, ஒரு மணிக்குச் சாப்பாடு என்றால் நடுவில் ஐந்து மணி நேரம் அந்த இன்சுலினுக்குக் கிடைப்பது ரத்தத்தில் இருக்கும் சர்க்கரை மட்டும்தான். பதினொரு மணி நடுக்கமும் வியர்வையும் பெரும்பாலும் இதுதான். 'உடல் விரதத்துக்குப் பழகுகிறது' என்று அதைத் தாங்கிக்கொள்ளாதீர்கள்.

டாக்டரைப் பார்க்கும் வரை விரதத்தை நிறுத்திவிட்டு, மாத்திரையோடு காலை உணவைச் சாப்பிடுங்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்தவோ பாதியாக்கவோ வேண்டாம். நேரத்தை மாற்றுவதா, அளவைக் குறைப்பதா, வேறு மருந்துக்குப் போவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். நடுக்கம் வந்தால் குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் இன்னொரு தடவை அதே அளவு. ஏறியதும் ஏதாவது சாப்பிடுங்கள். பாதாமும் சாக்லேட்டும் அந்த நேரத்துக்கு உதவாது, அவற்றிலுள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். கிளிபிசைடு, கிளிகிளசைடு எடுப்பவர்களுக்கும் இன்சுலின் போடுபவர்களுக்கும் இதே எச்சரிக்கை. டபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்களுக்கு ஆபத்து வேறு மாதிரி: நீண்ட நேரம் பட்டினி கிடந்தால், சர்க்கரை பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் கீட்டோன் அமிலம் கூடிவிடலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், எடை குறைவானவர்கள் ஆகியோருக்கு இந்த விரதமே வேண்டாம்.

இனி கடிகாரம். 16 மணி நேரம் சாப்பிடாமல் இருந்தாலே கொழுப்பு கரையும் என்ற நம்பிக்கையை ஆய்வுகள் பெரிதாக ஆதரிக்கவில்லை. 2020இல் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து வந்த ஆய்வில் 116 பேர் இருந்தார்கள். ஒரு பிரிவினர் பகல் 12 முதல் இரவு 8 வரை மட்டும் சாப்பிட்டார்கள், மற்றவர்கள் வழக்கம்போல மூன்று வேளை. 12 வாரத்துக்குப் பிறகு விரதக்காரர்களுக்குக் குறைந்தது சராசரியாக 0.94 கிலோ, மற்றவர்களுக்கு 0.68 கிலோ. இது ஒரு வித்தியாசமே இல்லை. நேரில் வரவழைத்து அளந்தவர்களிடம், குறைந்த எடையில் பெரும்பங்கு கொழுப்புகூட அல்ல, தசையை உள்ளிட்ட கொழுப்பற்ற பகுதி. 2022இல் சீனாவின் குவாங்சோ ஆய்வில் 139 பேருக்கும் கலோரியைக் குறைத்தார்கள். அவர்களில் ஒரு பிரிவுக்கு மட்டும் காலை 8 முதல் மாலை 4 வரை என்று நேரக் கட்டுப்பாடு. ஒரு வருட முடிவில் 8 கிலோவும் 6.3 கிலோவும் குறைந்தன. இந்த வித்தியாசமும் புள்ளியியல்படி தேறவில்லை. நேரக் கட்டுப்பாடு உதவுவது ஒரே வழியில்தான்: சிலருக்கு அது இரவு நொறுக்குத்தீனியை நிறுத்திவிடுகிறது. உங்களுக்கு அதுவும் நடக்கவில்லை, ஏனென்றால் உங்கள் சாப்பாட்டு நேரமே இரவு 9 வரை நீள்கிறது.

எந்த நேரத்தில் சாப்பிடுகிறோம் என்பதற்கும் கொஞ்சம் மதிப்பு உண்டு. இன்சுலின் காலையில் நன்றாக வேலை செய்யும், பொழுது சாயச் சாய மந்தமாகும். 2018இல் அமெரிக்காவின் அலபாமாவில், சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 8 ஆண்களை மாலை 3 மணிக்குள் சாப்பாட்டை முடிக்கச் சொன்னார்கள். எடையை மாறாமல் வைத்தும் இன்சுலின் செயல்திறனும் ரத்த அழுத்தமும் மேம்பட்டன. ஆள் எண்ணிக்கை குறைவான ஆய்வுதான், ஆனால் திசை தெளிவு. மெடிட்டரேனியன் கரையிலேயே இன்னொரு சான்று: 2013இல் ஸ்பெயினில் 20 வார எடைக் குறைப்புத் திட்டத்தில் இருந்த 420 பேரில், மதியச் சாப்பாட்டை 3 மணிக்குப் பின் எடுத்தவர்கள், முன்னால் சாப்பிட்டவர்களைவிடக் குறைவாகவே இளைத்தார்கள். ஸ்பெயின்காரர்கள் இரவு 9, 10 மணிக்குத்தான் சாப்பிடுகிறார்கள் என்று சொல்லி நம் ராத்திரிச் சாப்பாட்டை நியாயப்படுத்த வேண்டாம். அந்தப் பழக்கம் அவர்களுக்கும் நல்லது செய்வதாகத் தெரியவில்லை.

காலைக் காபியையும் பார்ப்போம். 100 மி.லி. பாலும் 2 தேக்கரண்டி சர்க்கரையும் போட்டால் அந்த டம்ளரில் 100 கலோரிக்கு மேல். ஆறு மணிக்கு அதைக் குடித்தால் உங்கள் விரதம் இரவு 9 முதல் காலை 6 வரை, அதாவது ஒன்பது மணி நேரம். தூங்கும் எல்லோரும் இருக்கும் விரதம்தான் அது. பாலும் சர்க்கரையும் இல்லாத காபி, டீ, தண்ணீர் மட்டுமே விரதத்தைக் கலைக்காதவை.

நெஞ்செரிச்சலுக்குக் காரணம் ஒன்பது மணிச் சாப்பாடு. காலையெல்லாம் பட்டினி கிடந்த பசியில் பெரிய தட்டாக விழுகிறது, எண்ணெயும் சீஸும் இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகின்றன, நீங்கள் படுத்துவிடுகிறீர்கள். கடைசி வாய்க்கும் படுக்கைக்கும் மூன்று மணி நேரமாவது இடைவெளி இருக்கட்டும்.

இப்போது தட்டு. உண்மையான தவறு இங்கேதான். நீங்கள் சாப்பிடுவது மெடிட்டரேனியன் உணவகத்தின் மெனு, கிராமத்துச் சாப்பாடு அல்ல. உணவுக்கும் இதய நோய்க்கும் உள்ள தொடர்பைத் தேடி அமெரிக்க ஆய்வாளர் ஆன்சல் கீஸ் 1958இல் தொடங்கிய ஏழு நாடுகள் ஆய்வில் புகழ்பெற்றது கிரீஸின் கிரீட் தீவு. அங்கே தினசரிச் சாப்பாடு பார்லி, கோதுமை ரொட்டி, பயறு வகைகள், காட்டுக்கீரை, காய்கள், பழம், ஆலிவ் எண்ணெய். இறைச்சி எப்போதாவது. அதற்கும் முன்னால் 1948இல் ராக்பெல்லர் அறக்கட்டளை அங்கே கணக்கெடுத்தபோது, ஆறில் ஒரு குடும்பம்தான் தங்கள் உணவு திருப்திகரம் என்றது. பெரும்பாலோர் ஆசைப்பட்டது இறைச்சிக்கு. இன்று உலகம் கொண்டாடும் உணவு, அதைச் சாப்பிட்டவர்களுக்கு வறுமையின் உணவு. கலோரியில் சுமார் 40 சதம் கொழுப்பாக இருந்தும் அவர்கள் ஒல்லியாக இருந்தார்கள் என்றால், மலைச்சரிவில் நாளெல்லாம் நடந்து, கொத்தி, சுமந்தவர்கள் அவர்கள். அந்த வாழ்க்கை போனதும் அந்த உணவும் போயிற்று. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கணக்கில் குழந்தைகளின் உடல்பருமன் மிக அதிகமாக உள்ள நாடுகளில் கிரீஸ், இத்தாலி, ஸ்பெயின், சைப்ரஸ் எல்லாம் இருக்கின்றன.

அந்த ஊர்க்காரர்களுக்கும் விரதம் உண்டு, ஆனால் மணிக்கணக்கு விரதம் அல்ல. கிரேக்க மரபுவழித் திருச்சபை நாட்காட்டியை முழுதாகக் கடைப்பிடித்தால் வருடத்தில் ஏறக்குறைய 180 நாள் இறைச்சி, பால், முட்டை கிடையாது. புதன், வெள்ளி, ஈஸ்டருக்கு முந்தைய நோன்பு, கிறிஸ்துமஸுக்கு முன் 40 நாள், ஆகஸ்டில் 15 நாள். நம் புரட்டாசி மாதிரி, எப்போது சாப்பிடுவது என்பதைவிட எதை விடுவது என்பதே விரதம். பாதி வருடம் பயறும் கீரையும் தட்டை நிரப்பியது அப்படித்தான்.

எண்ணெய்க் கணக்கில்தான் எல்லோரும் விழுகிறார்கள். ஸ்பெயினில் ஏறத்தாழ 7,400 பேரை வைத்து நடந்த பிரெடிமெட் ஆய்வில் தினமும் குறைந்தது 4 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், இன்னொரு பிரிவுக்கு 30 கிராம் கொட்டைகள் என்று சொன்னார்கள். மாரடைப்பும் பக்கவாதமும் சுமார் 30 சதம் குறைந்தன. (2013 கட்டுரையில் ஆட்களைப் பிரித்த விதத்தில் குளறுபடி தெரியவந்து, திரும்பப் பெற்று, 2018இல் மறுகணக்கோடு வெளியிட்டார்கள். முடிவு பெரிதாக மாறவில்லை.) ஆனால் அது எடைக் குறைப்பு ஆய்வு அல்ல, கலோரியைக் குறைக்கச் சொல்லவும் இல்லை. அந்த அளவை அப்படியே எடுத்து, வீட்டுத் தாளிப்புக்கும் தேங்காய்ச் சட்னிக்கும் மேலே ஊற்றினால் என்ன ஆகும்? 4 மேசைக்கரண்டி எண்ணெய் சுமார் 480 கலோரி. 50 கிராம் சீஸ் 150 முதல் 200. உங்கள் 'கைப்பிடி' பாதாம் 50 கிராமைத் தொட்டால் 290. கூட்டினால் 900க்கு மேல். காலை உணவை விட்டதில் மிச்சமானது 350 அல்லது 400 கலோரி. எடை முள் நகராததற்குக் காரணம் இதுதான்.

ஆகவே ஆலிவ் எண்ணெய் சேர்க்கும் பொருள் அல்ல, மாற்றும் பொருள். உங்கள் வேலைக்கு எல்லா எண்ணெயும் சேர்த்து நாளுக்கு 2 மேசைக்கரண்டி போதும். அதில் ஒன்று தாளிப்புக்கு, ஒன்று பச்சையாக ஆலிவ். பாட்டிலில் 'எக்ஸ்ட்ரா வர்ஜின்' என்று இருக்க வேண்டும். 'போமேஸ்' என்பது பிழிந்த சக்கையிலிருந்து கரைப்பான் மூலம் எடுத்துச் சுத்திகரித்தது, பாலிஃபீனால்கள் என்ற பயனுள்ள தாவரச் சத்துகள் பெரும்பாலும் போய்விடும். 'எக்ஸ்ட்ரா லைட்' என்பதில் லைட் என்பது நிறமும் மணமும்தான், கலோரி அதேதான். அடர்நிற பாட்டில், முடிந்தால் அறுவடைத் தேதி, இரண்டு மாதத்தில் தீரும் அளவு. அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு தேக்கரண்டி எண்ணெயைச் சிறு கிண்ணத்தில் ஊற்றி உள்ளங்கையில் மூடி வெதுவெதுப்பாக்கி, முகர்ந்துவிட்டு உறிஞ்சிக் குடியுங்கள். பச்சை இலை வாசம், நாக்கில் லேசான கசப்பு, தொண்டையில் மிளகு போன்ற ஒரு காறல் இருந்தால் நல்ல எண்ணெய். பழைய வேர்க்கடலையின் சிக்கு வாடை அடித்தால் கெட்டுவிட்டது. விலை கட்டுப்படாவிட்டால் கடலை எண்ணெயோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆலிவில் இதயத்துக்கு நல்லதான ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு நான்கில் மூன்று பங்கு, கடலை எண்ணெயில் கிட்டத்தட்ட பாதி. இந்த உணவின் பலத்தில் பெரும்பங்கு பயறிலும் காயிலும் இருக்கிறது, பாட்டிலில் மட்டும் இல்லை.

பாஸ்தாவை விடவேண்டியதில்லை. இத்தாலியில் ஒருவருக்குச் சமைக்காத எடையில் 80 கிராம். நம் வீட்டில் 500 கிராம் பொட்டலத்தை மூன்று பேர் முடிக்கிறோம். சமையலறைத் தராசில் ஒருமுறை நிறுத்துப் பாருங்கள்.

மலச்சிக்கலுக்கும் பசிக்கும் சேர்த்து ஒரு கிரேக்கச் சாப்பாடு: ஃபசோலாடா, வெள்ளை பீன்ஸ் சூப். நான்கு பேருக்கு 250 கிராம் காய்ந்த பீன்ஸை (வெள்ளைக் காராமணியும் ஆகும்) 10 மணி நேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். புதுத் தண்ணீரில் பெரிய வெங்காயம் ஒன்று, கேரட் இரண்டு, ஒரு பிடி செலரி சேர்த்துக் குக்கரில் 4 முதல் 6 விசில். காராமணிக்கு 2 போதும். தக்காளியைப் பீன்ஸ் வெந்த பிறகே போடுங்கள். புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் தோல் இளகாது, எத்தனை விசில் விட்டாலும் கடக்கென்று நிற்கும். தக்காளியோடு 10 நிமிடம் கொதித்ததும் அடுப்பை அணைத்து 4 மேசைக்கரண்டி ஆலிவ் எண்ணெய், மிளகு, எலுமிச்சை. ஆளுக்கு ஒரு கரண்டி எண்ணெய் ஆயிற்று. பயறு அதிகம் பழகாத வயிறு முதல் வாரம் உப்பும். அரைக் கிண்ணத்தில் தொடங்கி, தண்ணீரைக் கூட்டிக்கொண்டே ஏற்றுங்கள்.

மருந்து சரியான பிறகு, 16 மணி நேரம் எல்லாம் வேண்டாம், 14 போதும்: காலை 9 முதல் மாலை 7 வரை. காலையில் 2 இட்லி, கெட்டிச் சாம்பார் ஒரு கிண்ணம், 2 முட்டை, பால் காபி வேண்டுமென்றால் அதோடு. மதியம் ஒரு கப் சாதம், அதைப்போல் இரண்டு மடங்கு காயும் கீரையும், மத்தி அல்லது அயிலைக் குழம்பு. மத்தி மெடிட்டரேனியன் கரையிலும் ஏழைகளின் மீன்தான், வாரம் இரண்டு மூன்று தடவை, பொரிக்காமல். சைவர்கள் பனீர் 100 கிராம் அல்லது கொண்டைக்கடலை. மாலை 6.30க்கு அந்தச் சூப் அல்லது சுண்டலும் ஒரு சப்பாத்தியும். பாதாம் நாளுக்கு 30 கிராம், ஏறக்குறைய 25 பருப்பு, எண்ணி எடுங்கள். புரதம் 75 முதல் 80 கிராமைத் தொட வேண்டும், இல்லையென்றால் இளைப்பது தசைதான். ஒயின் இந்த உணவின் பகுதி என்று சொல்லித் தொடங்காதீர்கள். இதயத்துக்காக மதுவைத் தொடங்கச் சொல்ல எந்தக் காரணமும் இல்லை. வீட்டில் யாராவது ரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை எடுத்தால் கீரையைத் திடீரென்று கூட்டாமல் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் கூட்டுங்கள்.

வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், காலையில் எடை பாருங்கள். தொப்புள் மட்டத்தில் இடுப்பையும் அளந்து எழுதுங்கள். 12 வாரத்தில் 3 முதல் 4 கிலோ இறங்கினால் உங்களுக்கு நல்ல வேகம். அப்போது எச்.பி.ஏ.1.சி.யும் (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை) ட்ரைகிளிசரைடும் (ரத்தக் கொழுப்பு) பாருங்கள், மருந்து அளவை அந்த எண்களை வைத்து டாக்டர் மாற்றுவார். கல்யாண வீட்டில் சாப்பாடு பத்து மணிக்குப் போனால், மறுநாள் 14 மணி நேரக் கணக்கை நிறைவேற்றக் காலை உணவைத் தள்ளாதீர்கள். கணக்கு ஒருநாள் தவறட்டும், மாத்திரையும் காலைச் சாப்பாடும் டாக்டர் சொன்ன நேரத்திலேயே இருக்கட்டும்.