லைட், ஃபேன் எல்லாம் அணைச்சும் கரண்ட் பில் குறையலை, தினமும் வேற என்ன பழக்கம் வெச்சுக்கலாம்?

லைட்டு ஃபேனு எல்லாம் ஒழுங்காத்தான் அணைக்கிறோம், செல் சார்ஜரைக் கூட பிடுங்கி வெச்சுடுறோம், அப்படியும் பில் அசைய மாட்டேங்குதுன்னு கேட்டிருக்கீங்க. எங்க வீட்டுலயும் ரொம்ப வருஷம் இதே நிலைமைதான், பசங்க பாத்ரூம் லைட்டை அணைக்காம வந்தா ஒரு சத்தம் போடுவேன், ஆனா அதே பாத்ரூம்ல கீசர் காலைல 6 மணில இருந்து மத்தியானம் வரைக்கும் ஓடிக்கிட்டே இருக்கும், அதை யாரும் கவனிச்சதே இல்ல.

முதல்ல ஒரு சின்னக் கணக்கு, இது தெரிஞ்சா பாதி விஷயம் புரிஞ்சிடும். ஒரு பொருள் எத்தனை வாட்டுன்னு அதோட பின்னாடி ஸ்டிக்கர்ல போட்டிருக்கும், அதை ஓடுற மணி நேரத்தால பெருக்கி 1000ஆல வகுத்தா அதுதான் யூனிட். 9 வாட் எல்ஈடி பல்பு ஒண்ணை ஒரு மணி நேரம் மறந்துட்டீங்கன்னா 0.009 யூனிட் போகும். 2000 வாட் கீசர் 10 நிமிஷம் சூடாச்சுன்னா 0.33 யூனிட். அதாவது அந்த 10 நிமிஷ கரண்ட்டை வெச்சு அந்த பல்பை 37 மணி நேரம் எரிய விடலாம்! இதைப் போட்டுப் பார்த்த அன்னிக்குத்தான் நான் பசங்களைத் திட்டுறதைக் குறைச்சேன். லைட்டை அணைக்க வேண்டாம்னு சொல்லலை, அணைங்க, நல்ல பழக்கம்தான், ஆனா பில்லு இருக்கிற இடம் அது இல்ல. எது சூடாக்குதோ, எது குளிர வைக்குதோ அங்கதான் காசு போகுது. கீசர், ஏசி, ஃப்ரிட்ஜ், இஸ்திரிப் பெட்டி, வாஷிங் மெஷின்ல ஹாட் வாட்டர், கரண்ட் அடுப்பு, இதுதான் முக்கியமான லிஸ்ட்டு.

கீசர்லருந்தே ஆரம்பிக்கிறேன். ஒரு லிட்டர் தண்ணியை 1 டிகிரி சூடாக்க கிட்டத்தட்ட 4186 ஜூல் வேணும், எந்தக் கம்பெனி கீசர் வாங்கினாலும் இதுல மாற்றம் கிடையாது, தண்ணியோட குணம் அது. 36 லட்சம் ஜூல் சேர்ந்தா ஒரு யூனிட். அப்போ ஒருத்தர் குளிக்க 20 லிட்டர் தண்ணியை 20 டிகிரி ஏத்தினா கிட்டத்தட்ட அரை யூனிட், வீட்டுல 4 பேருன்னா ஒரு நாளைக்கு 2 யூனிட், மாசத்துக்கு 55, 60 யூனிட் குளிக்கிறதுக்கு மட்டுமே போயிடுது. இது போக டேங்க் உள்ள கீசரை ஆன்லயே விட்டுட்டா தண்ணி கொஞ்சம் கொஞ்சமா ஆறும், தெர்மோஸ்டாட் திரும்ப சூடாக்கும், திரும்ப ஆறும், யாருமே குளிக்கலைன்னாலும் இது நடந்துக்கிட்டே இருக்கும், மாடலைப் பொறுத்து ஒரு நாளைக்கு அரை யூனிட்லருந்து ஒரு யூனிட்டுக்கு மேல கூட இதுல கரையும். நாங்க இப்ப என்ன பண்றோம்னா குளிக்கப் போறதுக்கு 15, 20 நிமிஷம் முன்னாடி போடுறோம், ஒருத்தர் வந்ததும் அடுத்தவர் உடனே போயிடணும், பைப்புல நிக்கிற சூட்டுத் தண்ணி வீணாகாது, கடைசி ஆள் உள்ள போகும்போதே சுவிட்சை அணைச்சுட்டுப் போகணும். அந்த டேங்க்ல இருக்கிற சூடே ஒரு ஆளுக்குத் தாராளமா போதும்.

கீசர் நாப்பை ரொம்ப உச்சத்துல வெக்க வேண்டியதில்ல, எப்படியும் பச்சத்தண்ணி கலந்துதானே குளிக்கிறோம். ஆனா மிச்சம் பிடிக்கிறேன்னு ஒரேயடியா குறைச்சு வெதுவெதுப்பா டேங்க்ல நிறுத்தியும் வெச்சுடாதீங்க, அந்த மாதிரி சூட்டுல லீஜியோனெல்லாங்கிற பாக்டீரியா நல்லா வளரும், அது நுரையீரலைத் தாக்கும். 60 டிகிரி கிட்ட வெச்சுட்டு தேவையான நேரம் மட்டும் போடுறதுதான் சரி.

அடுத்து ஏசி. ரூம் சீக்கிரம் குளிரட்டும்னு வந்ததும் 18ல போடுற பழக்கம் நிறைய பேருக்கு இருக்கு. இன்வெர்ட்டர் இல்லாத சாதாரண ஏசில 18ல போட்டாலும் 25ல போட்டாலும் கம்ப்ரஸர் ஒரே வேகத்துலதான் ஓடும், 25க்கு வர்ற நேரம் ரெண்டுலயும் ஒண்ணுதான், 18ல போட்டா அதுக்கப்புறமும் நிக்காம ஓடுது, அவ்வளவுதான் வித்தியாசம். வெளிய 35 டிகிரி அடிக்குதுன்னு வெச்சுக்கங்க, உள்ள 18ன்னா வித்தியாசம் 17, உள்ள 26ன்னா வித்தியாசம் 9. சுவர் வழியா, ஜன்னல் வழியா உள்ள வர்ற சூடு இந்த வித்தியாசத்துக்குத் தகுந்த மாதிரிதான் வரும், அப்போ 26ல வெச்சா ஏசி வெளிய தள்ள வேண்டிய சூடு கிட்டத்தட்ட பாதியாயிடும். ஒவ்வொரு டிகிரி ஏத்துறதுக்கும் சுமார் 6 சதவீதம் வரைக்கும் மிச்சமாகும்னு சொல்றதுக்கு அடிப்படை இதுதான். கூடவே சீலிங் ஃபேனை மெதுவா சுத்த விட்டா 26 டிகிரியே 24 மாதிரி இருக்கும். ஃபில்டரை மாசம் ஒருதடவை கழட்டி பைப்புல காட்டிக் கழுவி நல்லா காய வெச்சு மாட்டுங்க, எங்க வீட்டுல முதல் தடவை கழட்டினப்போ தூசி ஒரு கம்பளித் துண்டு மாதிரி மொத்தமா உரிஞ்சு வந்துச்சு, அவ்வளவையும் தாண்டித்தான் பாவம் அது காத்தை இழுத்துக்கிட்டு இருந்திருக்கு.

வெயில் உள்ள வராம தடுக்கிறது ஏசியை விட முக்கியம். நேரா விழுற உச்சி வெயில் சதுர மீட்டருக்கு கிட்டத்தட்ட 1000 வாட் சூட்டைக் கொண்டு வரும், சாயங்கால வெயில் அவ்வளவு இருக்காதுதான், ஆனா மேற்கு ஜன்னல்ல அது படுக்கை வசமா நேரா உள்ள வரும், அதனால அந்த ரூம்ல ஒரு ஹீட்டரை ஓட விட்டு பக்கத்துல ஏசியும் போட்ட மாதிரி ஆயிடுது. உள்பக்கம் திரை போடுறதை விட வெளிப்பக்கம் ஒரு மறைப்பு, தட்டி, செடி ஏதாவது இருந்தா நல்லா வேலை செய்யும், ஏன்னா கண்ணாடியைத் தாண்டி உள்ள வந்த வெயில் திரையைச் சூடாக்கி அந்த சூடு ரூம்லயேதான் இருக்கும்.

ஃபேன் ரூமைக் குளிர வைக்காது, நம்ம உடம்பு வேர்வையைக் காய வெச்சு நமக்குத்தான் குளிர்ச்சி தரும். ஆள் இல்லாத ரூம்ல ஓடுற ஃபேன் சுத்த வேஸ்ட். பழைய பெரிய பெட்டி மாதிரி ரெகுலேட்டர் இருந்தா அதைத் தொட்டுப் பாருங்க, சூடா இருக்கும், வேகத்தைக் குறைச்சு மிச்சமாகிற கரண்ட்ல நல்ல பங்கு அதுலயே சூடா போயிடுது, எலக்ட்ரானிக் ரெகுலேட்டர்ல அப்படிப் போகாது. எப்படியும் புது ஃபேன் வாங்கப் போறீங்கன்னா பிஎல்டிசிங்கிற கம்மி கரண்ட் மோட்டார் வெச்ச ஃபேனா வாங்குங்க, 75 வாட் இழுக்கிற இடத்துல 30 வாட் கிட்டதான் இழுக்கும், ஒரு நாளைக்கு 15 மணி நேரம் ஓடுற ஃபேன்னா மாசம் 20 யூனிட் மிச்சம்.

ஃப்ரிட்ஜ் விஷயத்துல கதவைத் திறந்து திறந்து மூடாதேன்னு பசங்களைச் சொல்றதை விட மூணு விஷயம் பாருங்க. பின்னாடி சுவரோட ஒட்டி இருக்கக் கூடாது, அது வெளிய விடுற சூடு போக இடம் வேணும். ஃப்ரீஸர்ல ஐஸ் கனமா கட்டிக்க விடக் கூடாது. அப்புறம் கதவு ரப்பர், ஒரு பேப்பரைக் கதவுக்கு நடுவுல வெச்சு மூடி இழுங்க, எந்தத் தடையும் இல்லாம வழுக்கிக்கிட்டு வந்துச்சுன்னா அந்த இடத்துல குளிர் கசியுதுன்னு அர்த்தம், சில சமயம் ரப்பரைச் சோப்புத் தண்ணில துடைச்சாலே சரியாயிடும். உள்ள 4 டிகிரி, ஃப்ரீஸர் மைனஸ் 18, இதுக்குக் கீழ போக அவசியமே இல்ல.

துணி துவைக்கிறதுல மோட்டாருக்கு அதிகம் போகாது, ஹாட் வாஷ் போட்டா தண்ணி சூடாக்கத்தான் பெரும்பங்கு போகுது, அழுக்கு ரொம்ப இல்லாத துணிக்கு பச்சத்தண்ணி போதும். டிரையர் இருந்தா முடிஞ்ச வரைக்கும் கொடிலயே காயப்போடுங்க. இஸ்திரி தினம் ஒரு சட்டைன்னு போடாம ஒரே நாள்ல மொத்தமா போடுங்க, கடைசி ரெண்டு மெல்லிசு துணிக்கு சுவிட்சை அணைச்சுட்டு மிச்ச சூட்டுல தேய்ச்சுடலாம்.

இப்ப நான் மனசாரச் சொல்ல ஆசைப்படுற விஷயத்துக்கு வர்றேன், மீட்டர் முன்னாடி போய் நில்லுங்க. எலக்ட்ரானிக் மீட்டர்ல ஒரு குட்டி சிவப்பு லைட் மின்னிக்கிட்டே இருக்கும், பக்கத்துல ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை மின்னும்னு நம்பர் போட்டிருக்கும், எங்களோடதுல 3200. பழைய மீட்டர்னா சக்கரம் சுத்தும், அதுலயும் ஒரு யூனிட்டுக்கு எத்தனை சுத்துன்னு எழுதியிருக்கும். ஒருநாள் ராத்திரி லைட் ஃபேன் எல்லாத்தையும் அணைச்சு, ஃப்ரிட்ஜையும் ஒரு கால் மணி நேரத்துக்கு நிறுத்திட்டு, டார்ச் எடுத்துக்கிட்டு நானும் பொண்ணும் மீட்டர் பெட்டிக்கிட்ட போனோம். அவ செல்லுல ஸ்டாப்வாட்ச் பிடிச்சா, நான் எண்ணினேன். வீடே இருட்டு, எதுவுமே ஓடலை, ஆனா 5 நிமிஷத்துல 16 தடவை மின்னிச்சு. ஒரு மணி நேரத்துக்கு 192, அதை 3200ஆல வகுத்தா 0.06 யூனிட், அதாவது 60 வாட், ராத்திரி பகல் எந்நேரமும். மாசத்துக்கு 43 யூனிட்!

அப்புறம் அவ உள்ள போய் ஒவ்வொரு பிளக்கா பிடுங்க, நான் வெளிய நின்னு எண்ண, கண்டுபிடிச்சோம். செட்டாப் பாக்ஸைப் பிடுங்கினதும் 19 செகண்டுக்கு ஒருதடவை மின்னினது 27 செகண்ட் ஆச்சு, ரிமோட்ல ஆஃப் பண்ணி வெச்சிருந்த பாக்ஸ்தான் அது, அது மட்டுமே 18 வாட் தின்னுக்கிட்டு இருந்திருக்கு. மிச்சம் சவுண்ட் சிஸ்டம், கம்ப்யூட்டரோட யூபிஎஸ். எல்லாம் பிடுங்கினதுக்கப்புறம் வைஃபை ரூட்டர் மட்டும் பாக்கி, 110 செகண்டுக்கு ஒரு மின்னல். இருட்டுல அடுத்த மின்னல் எப்போ வரும்னு ரெண்டு பேரும் மூச்சைப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்துக்கிட்டு நின்னது இன்னும் ஞாபகம் இருக்கு. டிவி பக்கத்துல இருக்கிறது எல்லாத்தையும் இப்ப சுவிட்ச் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்ல போட்டுட்டோம், படுக்கப் போகும்போது ஒரு சுவிட்ச், முடிஞ்சது. ஒரு வாட் வருஷம் முழுக்க ஓடினா 8.76 யூனிட், அதனால இந்த சின்னச் சின்ன வாட்டெல்லாம் அலட்சியப்படுத்தக் கூடாது. செல் சார்ஜர் இதுல சேராது, சும்மா சொருகி இருக்கிற நல்ல சார்ஜர் வருஷத்துக்கே ஒண்ணு ரெண்டு யூனிட்தான் எடுக்கும், அதுக்காக மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க.

வாரம் ஒருதடவை, ஒரே கிழமை ஒரே நேரத்துல ரீடிங் எடுத்து ஒரு நோட்டுல எழுதி வைங்க. பில் வர்ற வரைக்கும் காத்திருந்தா எதனால ஏறுச்சுன்னு பிடிக்கவே முடியாது, வாரக் கணக்கு இருந்தா இந்த வாரம் 6 யூனிட் கூடியிருக்கே, என்ன பண்ணோம்னு அப்பவே யோசிக்கலாம். நிறைய இடத்துல ஒரு அளவைத் தாண்டினா யூனிட் ரேட்டே ஏறிடும், அந்த எல்லைக்குப் பக்கத்துல இருக்கீங்கன்னா இந்த நோட்டு ரொம்ப உதவும்.

ஒண்ணு மட்டும் கேட்டுக்கிறேன், வீட்டுல வயசானவங்க, கைக்குழந்தை இருந்தா புழுக்கமான ராத்திரில ஃபேனையோ ஏசியையோ மிச்சம் பிடிக்கிறேன்னு அணைச்சுடாதீங்க, வயசானவங்களுக்கு சூடு தாங்குற சக்தி குறைவு, தாகம் எடுக்கிறது கூட சரியா தெரியாது. எங்கம்மாவும் அப்படித்தான், பில்லைப் பத்தி நான் பேசுறதைக் கேட்டுட்டு ஒரு ராத்திரி ஃபேன் இல்லாம படுத்திருந்தாங்க, காலைல தலையணை நனைஞ்சு கிடந்ததைப் பார்த்துட்டுத்தான் எனக்குத் தெரிஞ்சுது. அன்னிக்கே அவங்க ரூமுக்கு மட்டும் முதல்ல பிஎல்டிசி ஃபேன் மாட்டினேன், ராத்திரி முழுக்க ஓடட்டும்மா, இது ரொம்ப கம்மியாத்தான் இழுக்கும்னு மீட்டர்கிட்ட கூட்டிட்டுப் போய் காட்டினேன்.